சிறைக்குள் கூடிய நகரமன்றம்

உழைக்காதவனுக்கு உணவு எதற்கு? உதவி பெற்றவன் உருப்படுவானா? கொடுக்கக் கொடுக்கக் கை நீட்டும் கூட்டந்தானே பெருகும்? இந்தப் பேச்சை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! மாடியிலே அமர்ந்து பேசுவோர் உண்டு. ஏட்டிலே எழுதுவோர் உண்டு. நேற்றுவரை நம்மோடு தோளோடு தோள் உரசி நடந்து, நாலு காசு கண்டதும் நம்மை விட்டு நாலடி தள்ளி நின்று பேசுவோரும் உண்டு. 'இலவசம்' என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டு, ஏழையின் தட்டிலே விழும் ஒவ்வொரு பருக்கையையும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

புதிய பேச்சல்ல இது, தோழர்களே! இங்கே பிறந்த பேச்சுமல்ல. 1834-லேயே இங்கிலாந்து நாட்டிலே இதைச் சட்டமாக எழுதினார்கள். எழுதியதோடு நிற்காமல், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஊருக்கு ஊர் கட்டடமாகவும் கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குள்ளே நுழைந்து, அதன் அடித்தளத்தையே ஆட்டிப் பார்த்த ஒருவரின் வாழ்க்கையை இன்று சொல்லப் போகிறோம். அவர் பெயர் ஜார்ஜ் லான்ஸ்பரி. பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்கே தலைவராக இருந்தவர். ஆனால் அந்தப் பதவியால் அல்ல, கிழக்கு லண்டனிலே பாப்லர் என்ற பகுதியின் ஏழைகளால்தான் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

1859-ல் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், சஃபோக் மாவட்டத்திலே பிறந்தார். தந்தை இருப்புப்பாதை போடும் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர். பாதை போகிற போக்கிலே குடும்பமும் போயிற்று. கடைசியில் வந்து சேர்ந்த இடம் கிழக்கு லண்டன். பதினான்கு வயதிலே படிப்பு முடிந்தது. அண்ணனும் தம்பியுமாக ரயிலுக்கு நிலக்கரி ஏற்றி இறக்கும் வேலையிலே முதுகு வளைந்தது. 1880-ல் பெஸ்ஸி என்ற பெண்ணை மணந்தார்.

ஆள் எப்படிப்பட்டவர்? குடிப்பதில்லை. புகைப்பதில்லை. சூதாடுவதில்லை. ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவர். (இடையிலே சில ஆண்டுகள் அதை விட்டு விலகி, கடவுளைக் கலக்காமல் ஒழுக்கம் பேசிய சங்கமொன்றிலே இருந்தார், பிறகு திரும்பிப் போனார். நமக்கு அந்த இடைப்பட்ட காலந்தான் பிடிக்கிறது; ஆனால் அது அவரவர் விருப்பம்.) உழைப்புக்கு அஞ்சாதவர். ஆக, ஏழைக்கு ஒழுக்கம் போதிக்கும் உத்தமர்கள் என்னென்ன கேட்பார்களோ அத்தனையும் அவரிடம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று, நிலையான வேலை!

வேலை தேடு, ஊரிலே இல்லாவிட்டால் கடல் கடந்து போ என்பார்களே, அதையும் செய்தார். ஆஸ்திரேலியாவிலே வேலை கொட்டிக் கிடக்கிறது, கூலி குவிகிறது, ஆள்தான் இல்லை என்று லண்டனிலே பிரசாரம் நடந்த காலம் அது. 1884-ல் மனைவியையும் மூன்று கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். பிரிஸ்பேன் நகரிலே இறங்கிப் பார்த்தால், அவருக்கு முன்பே வந்திறங்கியவர்கள் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். கல் உடைத்தார். கசாப்புக்கூடத்திலே வேலை செய்தார்; அந்த வேலையை அவர் மனம் பொறுக்கவில்லை. பண்ணையிலே கூலியாக இருந்தார். மூட்டை தூக்கினார். ஓராண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு, மாமனார் அனுப்பிய பணத்திலேதான் ஊர் திரும்ப முடிந்தது. திரும்பியதும் மாமனாரின் மர அறுவை ஆலையிலே வேலைக்குச் சேர்ந்தார். பகலெல்லாம் மரம் அறுத்துவிட்டு, மாலையிலே மேடையேறி, பொய் சொல்லிக் கப்பலேற்றும் குடியேற்றப் பிரசாரத்தின் முகமூடியைக் கிழித்தார். பொதுவாழ்விலே அவர் இறங்கியது இப்படித்தான். ஏடு படித்து ஏழ்மையை அறிந்தவரல்ல அவர். உழைக்க மனமிருந்தும், உடலிலே வலுவிருந்தும், ஒழுக்கம் இருந்தும், ஒருவன் பட்டினி கிடக்க முடியும் என்பதைத் தம் குழந்தைகளின் முகத்திலே பார்த்தவர்.

முதலில் லிபரல் கட்சியிலே இருந்தார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையைக் கட்சி மாநாட்டுக்குக் கொண்டுபோனார். சீமான்களின் மேடையிலே பாட்டாளியின் பேச்சு எடுபடவில்லை. 1892-ல் கட்சியை விட்டு வெளியேறிச் சமதர்ம அணியிலே சேர்ந்தார். அடுத்த ஆண்டு, பாப்லர் பகுதியின் ஏழையர் காப்பாளர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தப் பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். காப்பாளர்கள் காத்தது ஏழையை அல்ல, வரி செலுத்துவோரின் பணப்பையை! 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின் உள்நோக்கம் இது: ஏழைக்கு உதவி உண்டு, ஆனால் விடுதிக்குள்ளே வந்து அடைபட்டால்தான். உள்ளே இருப்பவனின் நிலை, வெளியே இருக்கும் கடைசிக் கூலிக்காரனின் நிலையைவிடத் தாழ்ந்ததாக இருக்கவேண்டும். அப்போதுதான் வேறு வழியே இல்லாதவன் மட்டும் கதவைத் தட்டுவான், மற்றவன் தன் காலிலே நிற்பான் என்பது அந்தக் கால மேதைகளின் கணக்கு. வெளியிலே இருந்த கூலிக்காரனே அரைப் பட்டினி. அவனுக்கும் கீழே என்றால்? கணவன் ஒரு கொட்டடியில், மனைவி மற்றொன்றில், பிள்ளைகள் வேறொன்றில். கைதிக்குக் கொடுப்பதுபோல் ஒரே மாதிரி உடை. கல் உடைக்கவேண்டும்; தார் பூசிய பழைய கப்பற் கயிற்றை நகம் தேய நகம் தேயப் பிரித்து நார் எடுக்கவேண்டும். உதவி பெற்ற ஏழைக்கு வாக்குரிமையும் இல்லை. 1918 வரை அந்த அநீதி நீடித்தது. வறுமை குற்றம் என்று சட்டத்திலே எழுதவில்லை, அவ்வளவுதான். தண்டனை என்னவோ எழுதப்பட்டிருந்தது.

லான்ஸ்பரி அந்த விடுதிக்குள் நுழைந்த முதல் நாளைப் பற்றிப் பிற்காலத்திலே தம் வாழ்க்கை வரலாற்றிலே எழுதியிருக்கிறார். சாவிக்கொத்தின் ஓசை, பெரிய பெரிய பதிவேடுகள், உள்ளே வருவோரை உறுத்துப் பார்க்கும் பார்வை, எல்லாம் மனிதனைக் கூனிக் குறுகச் செய்வதற்கென்றே அமைக்கப்பட்டவை என்று அவருக்குப் பட்டது. ஒரு மாலை, இரவு உணவைப் பார்வையிடப் போனார். ஓட்ஸ் கஞ்சி. அதிலே கருப்புக் கருப்பாக ஏதோ மிதந்தது. எடுத்துப் பார்த்தால், எலிப் புழுக்கை! ஆண்டுக்கணக்கில் மூட்டை சுமந்து, கப்பல் கட்டி, ஓய்ந்துபோன கிழவர்களுக்கு, உலகின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்தின் தலைநகரிலே ஊற்றப்பட்ட கஞ்சி அது. அந்தச் சாம்ராஜ்யத்துக்கு நம் நாட்டிலிருந்தும் செல்வம் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

மன்றத்திலே அவருக்கு ஒரு துணை இருந்தார், வில் குரூக்ஸ் என்பவர். அவர் கதை இன்னும் உருக்கமானது. சிறு பையனாக இருந்தபோது வறுமையால் இதே பாப்லர் விடுதிக்குள்ளே தள்ளப்பட்டவர் குரூக்ஸ். அன்று கைதிபோல் நுழைந்த பையன், இப்போது காப்பாளராக நுழைகிறார்! இருவரும் சேர்ந்து விடுதியைத் தலைகீழாக மாற்றினார்கள். உணவு உணவாயிற்று. அடையாளச் சீருடை போயிற்று. முதியோர் மனிதராக நடத்தப்பட்டார்கள். பிள்ளைகளை அந்தச் சூழலிலிருந்தே எடுத்துச் சென்று, ஷென்ஃபீல்டு என்ற ஊரிலே திறந்த வெளியும் நல்ல காற்றும் உள்ள பள்ளியொன்றைக் கட்டி, 1906-ல் திறந்தார்கள். ஏழைப் பிள்ளைக்கு இத்தனை செலவா என்று எரிந்து விழுந்தோர் உண்டு. பணக்காரர் தம் பிள்ளையை உயர்ந்த பள்ளிக்கு அனுப்பினால் அது பொறுப்பு. ஊரார் சேர்ந்து ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி கட்டினால் அது ஊதாரித்தனம்! இந்த இரட்டைத் தராசு எந்தக் கடையிலே விற்கிறது என்று நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, சோம்பேறி என்று ஒருவன் இருக்கவே மாட்டானா? உதவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுபவன் இல்லவே இல்லையா? லான்ஸ்பரி அப்படிச் சொன்னவரல்லர். கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை அவர். வேலையைக் கொடுத்துப் பார்ப்போம் என்பது அவர் வழி. கல் உடைக்கும் தண்டனை வேலையல்ல, பயன்தரும் வேலை. ஜோசஃப் ஃபெல்ஸ் என்ற அமெரிக்கச் சவுக்கார வியாபாரி, சமுதாயச் சீர்திருத்தத்திலே பற்றுக் கொண்டவர், நிலம் வாங்கிக் கொடுத்தார். 1904-ல் எசெக்ஸ் மாவட்டத்து லைன்டன் என்ற ஊரிலே, வேலையற்ற பாப்லர் தொழிலாளர்களைக் கொண்டு பண்ணை தொடங்கினார்கள். பிறகு ஹாலெஸ்லி விரிகுடாவிலே அதைவிடப் பெரிய பண்ணை. மண்ணைக் கொத்தி, பயிர் வைத்து, கடைசியிலே அவர்களே அந்த நிலத்திலே குடியமரவேண்டும் என்பது திட்டம்.

அது நிறைவேறிற்றா? இல்லை. தடுத்தவர் யார் தெரியுமா? ஜான் பர்ன்ஸ். 1889-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்திய வீரர்களில் ஒருவர்! லிபரல் மந்திரி சபையிலே இடம் கிடைத்தது. பதவி நாற்காலி பக்குவப்படுத்திவிட்டது. நிலத்திலே குடியமர்த்த அனுமதி இல்லை, பண்ணையை விரிவாக்க ஆதரவு இல்லை என்றாகிவிட்டது. வேலை கேட்டால் கொடுக்க மறுத்தார்கள். உதவி கேட்டால், வேலை செய்யாத சோம்பேறி என்றார்கள். பாப்லர் தொழிலாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்!

அதோடு விட்டார்களா? பாப்லர் காப்பாளர்கள் வாரி இறைக்கிறார்கள், ஏழைகளைக் கெடுக்கிறார்கள் என்று 1906-ல் விசாரணை வைத்தார்கள். விசாரித்தவர் டேவி என்ற அதிகாரி, ஏழையர் சட்ட நிர்வாகத்தின் தலைமை இடத்திலே இருந்தவர். இதே டேவி, ஏழையர் சட்டத்தை ஆராய அமைந்த அரசு விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தார். குழுவிலே லான்ஸ்பரியும் ஓர் உறுப்பினர். வாணிபம் மந்தமாகி, ஆலை மூடி, தன் குற்றம் எதுவுமின்றி வேலை இழந்தவன் என்ன செய்வது என்பது கேள்வி. அது அவனுக்கு நேர்ந்த விபத்து, அதை அவனேதான் தாங்கவேண்டும், சமுதாயத்தின் பொதுநன்மைக்காக அவன் துன்பப்பட்டே ஆகவேண்டும் என்ற பொருளிலே அமைந்தது அந்த அதிகாரியின் பதில். பொதுநன்மை எல்லோருக்கும், துன்பம் மட்டும் அவனுக்கு! தனிமனிதப் பொறுப்பு என்ற அந்தப் பளபளப்பான தத்துவத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன என்பதை, எதிரியே வந்து எடுத்துக்காட்டிய நாள் அது.

அந்தக் குழு 1909-ல் இரண்டாகப் பிரிந்து இரண்டு அறிக்கைகள் தந்தது. பெரும்பான்மையோர் வறுமையிலே ஒழுக்கக் குறைவைக் கண்டார்கள். பியட்ரிஸ் வெப் அம்மையாரும் லான்ஸ்பரியும் வேறு இருவரும் கையொப்பமிட்ட சிறுபான்மை அறிக்கை, வறுமை சமுதாயத்தின் நோய், ஏழையர் சட்டத்தையே உடைத்தெறியவேண்டும், நோய்க்கு மருத்துவம், முதுமைக்கு உதவித்தொகை, வேலையின்மைக்கு வேலை தேடித்தரும் அரசுத்துறை என்று தனித்தனியே ஏற்பாடு வேண்டும் என்றது. நால்வர் கையொப்பந்தான். அரசு அதைத் தூக்கி மூலையிலே போட்டது. மூலையிலே கிடந்த அந்தக் காகிதந்தான் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முளைத்தது.

இதற்கிடையே, 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 சனவரி முதல் நாள் முதியோர் உதவித்தொகை வந்தது. எழுபது வயதைக் கடந்த ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். அந்தக் காலத்திலே கிழக்கு லண்டனில் எழுபதைத் தொட்டவர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்! அதிலும் பொறுப்புச் சோதனை இருந்தது: வேலை செய்யாமலே காலம் கழித்தவனுக்கு இல்லை; ஏழையர் சட்டத்தின்கீழ் அண்மையில் உதவி வாங்கியவனுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் இல்லை. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் உண்டு. பணம் காப்பாளர் மன்றத்திலே அல்ல, தபால் நிலையத்திலே வழங்கப்பட்டது. தபால்தலை வாங்க வருபவனோடு வரிசையிலே நின்று வாங்கிக்கொண்டு போகலாம். தலை குனியவேண்டாம். பிச்சை வேறு, உரிமை வேறு என்பதற்கு அந்தத் தபால் நிலைய வாசலைவிட நல்ல விளக்கம் நமக்குத் தெரிந்து கிடையாது.

1910 இறுதியிலே நடந்த தேர்தலில் பார்லிமெண்டுக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதற்காகத் தம் இடத்தைத் துறந்து, அந்த ஒரே பிரச்சினையின்மீது மறுதேர்தலில் நின்று தோற்றார். 1913-ல் அதே இயக்கத்துக்காகச் சிறை சென்று பட்டினிப் போர் நடத்தினார். தொழிலாளர் ஏடான டெய்லி ஹெரால்டை ஆசிரியராக இருந்து நடத்தினார். உழைப்பாளர் கட்சி ஏடு நடத்துவது என்றால் என்ன என்பதை நம்மிடம் யாரும் சொல்லவேண்டியதில்லை. தலையங்கம் எழுதும் கையே காகிதக் கடைக்காரருக்குத் தவணை கேட்டும் எழுதும். முதல் உலகப் போரின்போது நாளேடு வார ஏடாகச் சுருங்கிற்று, ஆனாலும் நிற்கவில்லை. 1919-ல் மீண்டும் நாளேடாயிற்று.

அதே 1919-ல் பாப்லர் நகரமன்றம் தொழிற்கட்சியின் கைக்கு வந்தது. லான்ஸ்பரி மேயர். மன்றத்திலே உட்கார்ந்தவர்கள் யார்? துறைமுகத் தொழிலாளி, ரயில் தொழிலாளி, வீட்டு வேலை அறிந்த பெண்கள். நகரமன்ற ஊழியர் அனைவருக்கும் வாரம் 4 பவுன் குறைந்தபட்சக் கூலி என்று தீர்மானித்தார்கள். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே.

பிறகுதான் வந்தது 1921. போர் முடிந்து வாணிபம் படுத்துவிட்டது. துறைமுகத்திலே கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் பாப்லருக்குச் சோறு இல்லை. வேலையற்றோருக்கு உதவி தரும் பொறுப்பு அந்தந்தப் பகுதியின் தலையிலே. இங்கேதான் கணக்கைக் கவனிக்கவேண்டும், தோழர்களே! வீட்டு வாடகை மதிப்பின்மீதுதான் நகர வரி. மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரிலே பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டால் பெருந்தொகை வந்து கொட்டும். குடிசைகளும் குறுகிய சந்துகளும் நிறைந்த பாப்லரிலே அதே பென்னி போட்டால் கிடைப்பது அதிலே ஒரு சிறு பங்கு. ஆனால் வேலையற்றோர் எங்கே? வெஸ்ட்மின்ஸ்டரிலா? அத்தனை பேரும் பாப்லரிலே! ஆக, ஏழைக்கு உதவி செய்யும் சுமை ஏழையின் தலையிலேயே. பணக்காரப் பகுதிக்குக் குறைந்த வரி, ஏழைப் பகுதிக்குக் கூடுதல் வரி. பாப்லர் கப்பலிலிருந்து இறக்கிய சரக்கிலே வளர்ந்த செல்வம் மேற்கு லண்டனிலே. அந்தத் தொழிலாளியின் பட்டினி மட்டும் கிழக்கு லண்டனின் சொந்தக் கணக்கிலே!

இதற்கு மேலே இன்னொரு சுமை. லண்டன் மாவட்ட மன்றத்துக்கு, போலீசுக்கு, குடிநீர் வாரியத்துக்கு, மருத்துவ விடுதி வாரியத்துக்கு என்று பாப்லர் மக்களிடம் வரி திரட்டிக் கொடுக்கவேண்டும். 1921 மார்ச்சு மாதம் பாப்லர் மன்றம் முடிவு செய்தது: எங்கள் ஏழைகளுக்கு உணவு தருவோம், அதற்கு வேண்டிய வரியைத் திரட்டுவோம், மற்ற வாரியங்களுக்கான வரியைத் திரட்டமாட்டோம். சுமையை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளுங்கள், பிறகு பேசலாம்!

வழக்கு வந்தது. 1921 சூலை 29. மேளம் முழங்க, மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலி அணிந்து முன்னே நடக்க, செங்கோல் தாங்குபவர் உடன் நடக்க, நகரமன்றம் முழுவதும் ஊர்வலமாக உயர்நீதிமன்றம் நோக்கி ஐந்து மைல் நடந்தே போயிற்று. ஒருவேளை சிறைக்கும் போகிறோம் என்று பதாகையிலேயே எழுதிப் பிடித்திருந்தார்கள். பின்னே ஆயிரக்கணக்கில் மக்கள். சட்டம் மன்றத்துக்கு எதிராகத்தான் இருந்தது. அதை அவர்கள் மறுக்கவில்லை. சட்டம் சரியா என்பதுதான் அவர்கள் கேட்டது. செப்டம்பர் தொடக்கத்திலே ஒவ்வொருவராகக் கைது செய்தார்கள். மொத்தம் 30 பேர். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கு. பெண்கள் ஐவர் ஹாலவே சிறைக்கு. அப்பெண்களில் நெல்லி கிரெசால் கருவுற்றிருந்தார். மற்றொருவர் மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மகன் எட்கரின் மனைவி, எட்கரும் சிறையிலே. மாமனார், மகன், மருமகள், ஒரே குடும்பத்திலே மூவர்!

அறுபத்திரண்டு வயது லான்ஸ்பரி, சிறைக் கம்பிகளுக்கு உள்ளிருந்தே வெளியே கூடிய மக்களுக்குச் சொற்பொழிவாற்றினார். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கம்பிதான் மேடை. நகரமன்றம் நடக்கவேண்டுமே? சிறைக்குள்ளேயே நடந்தது! ஹாலவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வண்டியிலே அழைத்துவந்து, பிரிக்ஸ்டன் சிறையிலே மன்றக் கூட்டம் கூடிற்று. வெளியே பாப்லர் வாடகைக்காரர்கள் வாடகை கொடாப் போருக்குத் துணிந்தார்கள். அண்டைப் பகுதிகளான பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் அதே வழியிலே வரத் தீர்மானித்தன. அரசு ஆடிப்போயிற்று. ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 12-ல் எல்லோரும் விடுதலை. அபராதம் இல்லை, மன்னிப்புக் கடிதம் இல்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது: வேலையற்றோருக்கு வழங்கும் உதவியின் சுமையை லண்டன் முழுவதும் பொதுநிதியிலிருந்து பகிர்ந்து ஏற்கவேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையும் பாப்லர் குடிசைக்கு வரி கொடுத்தது!

வெற்றிக்கு விலை இல்லாமல் போகவில்லை. சிறையிலே உடல் நலிந்த மின்னி, நுரையீரல் காய்ச்சல் கண்டு 1922 சனவரி முதல் நாள் இறந்தார். வயது 32. பாப்லர் தெருக்களிலே ஆயிரக்கணக்கானோர் அவரைச் சுமந்து சென்றார்கள்.

4 பவுன் கூலியை மட்டும் விட்டுவைக்கவில்லை. விலைவாசி இறங்கியபோதும் கூலியை இறக்க பாப்லர் மறுத்தது. தணிக்கை அதிகாரி அது அளவுக்கு மீறிய செலவு என்று உறுப்பினர்கள்மீதே தண்டம் போட்டார். வழக்கு ஏறி ஏறிப் பிரபுக்கள் சபை வரை சென்று, 1925-ல் அங்கே தோற்றது. சமதர்ம ஈகையும் பெண்ணுக்குச் சமக் கூலி என்ற ஆசையும் நகரமன்றத்துக்கு ஆகாதவை என்கிற வகையிலே பிரபு ஒருவர் தீர்ப்பெழுதினார். கூலிக்காரனுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அது ஊரார் பணம். பிரபுவுக்கு வாடகை கொடுத்தால் அது மட்டும் வானத்திலிருந்து வந்ததோ!

1929-ல் தொழிற்கட்சி அரசிலே லான்ஸ்பரி பொதுப்பணித்துறை அமைச்சர். பெரிய துறை அல்ல. கிடைத்ததைக் கொண்டு, ஹைட் பூங்கா ஏரியிலே பொதுமக்கள் ஆணும் பெண்ணுமாகக் குளிக்க இடம் அமைத்தார். கனவான்கள் குதிரையேறி உலவும் பூங்காவிலே கூலிக்காரன் பிள்ளை நீந்துவதா என்று முணுமுணுத்தார்கள், பிள்ளைகள் நீந்தினார்கள்.

1931-ல் உலகப் பொருளாதார வீழ்ச்சி. அரசுப் பெட்டகம் காலி. சிக்கனம் வேண்டும் என்றது வங்கி உலகம். எங்கே கை வைப்பது? வேலையற்றோர் உதவித்தொகையிலே பத்தில் ஒரு பங்கைக் குறை! பிரதமர் மாக்டொனால்டு இணங்கினார். லான்ஸ்பரி உள்ளிட்ட அமைச்சர் ஒன்பது பேர் மறுத்தார்கள். அரசு கவிழ்ந்தது. மாக்டொனால்டு எதிரணியோடு சேர்ந்து புதிய அரசு அமைத்தார், தொகையை வெட்டினார்கள். அதோடு வருவாய்ச் சோதனை என்றொன்று வந்தது. அதிகாரி வீட்டுக்கு வருவான், நாற்காலியை எண்ணுவான், மகன் சம்பாதிக்கிறானா, மகள் சம்பாதிக்கிறாளா என்று கேட்டு, அந்த அளவுக்குத் தகப்பனின் உதவியைக் குறைப்பான். பிள்ளை சம்பாதித்தால் தகப்பனுக்கு இழப்பு. ஆகவே பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். குடும்பப் பொறுப்பை வளர்க்க வந்தவர்கள் குடும்பத்தையே பிரித்த கதை! தேர்தலிலே தொழிற்கட்சி ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்குச் சுருங்கிற்று. வெட்டை எதிர்த்த அமைச்சர்களில் லான்ஸ்பரி ஒருவர்தான் வென்று வந்தார். பாப்லர் மக்கள் கைவிடவில்லை. எழுபதைக் கடந்த வயதிலே, நொறுங்கிப்போன கட்சியின் தலைமை அவர் தோளிலே விழுந்தது.

அந்த நாட்களிலேதான் நம் பெரியாருக்கும் அவருக்கும் ஒரு சந்திப்பு. 1932-ல் அய்ரோப்பியப் பயணத்திலே இங்கிலாந்து சென்ற பெரியார், மெக்ஸ்பரோ நகரிலே சுரங்கத் தொழிலாளர் பெருங்கூட்டத்திலே பேசியதை இயக்க ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. லான்ஸ்பரியின் முன்னிலையிலேயே, தொழிற்கட்சி அரசு இந்தியத் தொழிலாளருக்கு இழைத்ததைக் கண்டித்தாராம் பெரியார். கண்டித்ததிலே நியாயம் உண்டு. மீரத் சதி வழக்கிலே தொழிற்சங்கத் தோழர்கள் கூண்டிலே நின்றது அந்த அரசின் காலத்திலும் தொடர்ந்தது. பகத்சிங் தூக்கிலேற்றப்பட்டதும் அந்த அரசு இருந்த 1931 மார்ச்சிலேதான். இந்திய விடுதலைக்கு ஆதரவாகப் பேசி வந்தவர் லான்ஸ்பரி. ஆனால் அவர் அமர்ந்திருந்த அமைச்சரவை அது. நல்லவர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடும் வழக்கம் பெரியாரிடம் இல்லை.

நாமும் ஒரு கணக்குக் கேட்கத்தான் வேண்டும். போரே கூடாது என்ற கொள்கையிலே அவர் மலைபோல் நின்றார். இத்தாலி அபிசீனியாவின்மீது பாயவிருந்த 1935-ல் அந்தக் கொள்கைக்காகவே கட்சித் தலைமையை இழந்தார். 1937-ல் இட்லரை நேரிலே கண்டு பேசினால் போரைத் தடுக்கலாம் என்று நம்பிப் போனார். ஏழையின் கண்ணீரைப் படிக்கத் தெரிந்த அவருக்கு, அந்தக் கொடியவனின் புன்னகையைப் படிக்கத் தெரியவில்லை.

ஆனால் பாப்லர் அவரை விடவில்லை. பதவி போன பிறகும் மீண்டும் மேயராக்கிற்று. எண் 39, போ சாலை. அந்த வீட்டின் கதவைத் தட்டினால் அவரே வந்து திறப்பார். மாளிகைப் பகுதிக்குக் குடிபெயரவில்லை கடைசிவரை. 1940 மே 7-ல், 81-ஆம் வயதிலே இறந்தார். உடலை எரித்துச் சாம்பலைக் கடலிலே தூவச் சொல்லியிருந்தார், அப்படியே செய்தார்கள். சேர்த்துவைத்த சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் போரிலே குண்டு விழுந்து வீடும் அழிந்தது.

1948-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தேசிய உதவிச் சட்டம், ஏழையர் சட்டத்தை இனி இல்லை என்று துடைத்தெறிந்தது. அதே ஆண்டு மருத்துவமும் எல்லோருக்கும் பொதுவாயிற்று. 1909-ல் நால்வர் கையொப்பமிட்டு மூலையிலே எறியப்பட்ட காகிதத்திலே இருந்ததில் பெரும்பகுதி அது. பாப்லரிலே குண்டு விழுந்து தரைமட்டமான பகுதியிலே, துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்காக வீடுகளும் பள்ளிகளும் அங்காடியும் கொண்ட புதிய குடியிருப்பொன்று எழுந்தது. 1951-ல் நாடே வந்து பார்த்தது. அதற்கு லான்ஸ்பரி குடியிருப்பு என்று பெயரிட்டார்கள். கட்டியது யார் தெரியுமா? லண்டன் மாவட்ட மன்றம். 1921-ல் வரி கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டு அவரைச் சிறைக்கு அனுப்பிய அதே மன்றம்!